டீசல் என்ஜின வாங்கணுமா, முழுசா வாங்குங்க: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, திருநவேலி தென்காசி லைன் மீட்டர்கேஜா, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளமா இருந்த காலத்துல ஓடுன ஒய்டிஎம்4 டீசல் என்ஜினப் பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இன்னும் நிக்கல. பாதிப் பேரு கேக்கது ஒரே கேள்விதான், அந்த மாதிரி ஒண்ண நம்ம ஊர்ல வாங்கி வைக்க முடியுமா அண்ணாச்சின்னு. அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க அதுக்கே குடுத்தாச்சு. நான் ரயில்வே டீசல் செட்டுல, அதான் என்ஜின நிப்பாட்டிச் சரி பண்ற கொட்டகையில, மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவன், கையால தொட்டுப் பாத்தத வச்சுச் சொல்லுதேன்.

அண்ணாச்சி, நாங்க அம்பாசமுத்திரம் கல்லிடைக்குறிச்சி சுத்துவட்டாரத்துல ஒரு பன்னெண்டு பேரு. பாதிப் பேரு ரயில்வே குடும்பம். ஊர்ல சின்னதா ஒரு ரயில் மியூசியம் வைக்க எடம் கெடச்சிருக்கு. பழைய மீட்டர்கேஜ் டீசல் ஒண்ணு வாங்கணும், யாருகிட்ட எப்படிக் கேக்கணும்?
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ரொம்ப சந்தோசம் தம்பி, மொத கடுதாசியே இதுதான் வந்துச்சு, அதனால மொத பதிலும் உங்களுக்குத்தான்.

நேரம் எவ்வளவு கம்மின்னு மொதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. ஒய்டிஎம்4 1961ல அமெரிக்காவுல ஆல்கோ கம்பெனியில இருந்து வர ஆரம்பிச்சுது, பொறவு கனடாவுல இருந்து கொஞ்சம் வந்துச்சு, அப்புறம் வாரணாசியிலயே செஞ்சாங்க, அது 1990 வரைக்கும் நடந்துச்சு. ரயில்வேல ஒரு டீசல் லோகோவுக்கு ஆயுசு 36 வருஷம்னு ஒரு கணக்கு. கடைசியா 1990ல வந்ததுக்கே 2026ஓட அந்தக் கணக்கு முடியுது. இதுல நம்ம பக்கம் லைனே போயிருச்சு, திருநவேலி தென்காசி 2012ல பிராட்கேஜ் ஆயிருச்சு, செங்கோட்டை புனலூர் மலைப்பாதை 2010ல மூடி 2018ல பிராட்கேஜா தொறந்தாங்க. ஆக மீட்டர்கேஜ் என்ஜினுக்கு இங்க வேலையே கெடையாது, மிஞ்சுனது எங்கயாவது ஒரு யார்டுல புல்லு மொளச்சுப் போய்க் கெடக்கும், இல்லன்னா வெட்டி எடைக்குப் போட்டிருப்பாங்க.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஒரு லோகோவக் கண்டம் பண்ணிட்டா, அதாவது இனி ஓட்ட லாயக்கில்லன்னு கழிச்சுக்கட்டிட்டா, அது மெக்கானிக்கல் கையில இருந்து ஸ்டோர்ஸ் கைக்குப் போவுது. ஸ்டோர்ஸ்ல அதுக்கு ஒரு லாட் நம்பர் விழுது, விழுந்ததும் ஐஆர்இபிஎஸ்ங்க வெப்சைட்ல ஏலத்துக்கு வந்துரும். கண்டம் ஆன நாளுக்கும் லாட் நம்பர் விழுற நாளுக்கும் நடுவுல இருக்க நாளுதான் உங்க நாளு. அந்த நேரத்துல உங்க கடுதாசி மேசையில இருந்துச்சுன்னா காப்பாத்தி வைக்கதப் பத்தி யோசிப்பாங்க, லாட் நம்பர் விழுந்துட்டா அது வெறும் இரும்பு, அதுக்கு அப்புறம் பழைய இரும்பு யாவாரியோட மல்லுக்கு நிக்கணும்.

கடுதாசி யாருக்குன்னா ஜோன் ஜெனரல் மேனேஜருக்கு, நகல் தலைமை மெக்கானிக்கல் என்ஜினியருக்கும் டெல்லியில ரயில்வே போர்டுல ஹெரிட்டேஜ் பாக்கவங்களுக்கும். "ஒரு பழைய டீசல் என்ஜின் வேண்டும்"னு பொதுவா எழுதாதீங்க, அத யாரும் எடுத்துப் படிக்க மாட்டாங்க. லோகோ நம்பர் போட்டு எழுதுங்க, அது இப்ப எங்க நிக்கு, அது நம்ம லைன்ல ஓடுனதுக்கு என்ன ஆதாரம், எங்க வைக்கப் போறீங்க, மேல கூரை உண்டா, யாரு பாத்துக்கிடுவா, பத்து வருசம் கழிச்சும் நீங்க இருப்பீங்களா. இதுக்கு மொத வேலையா பன்னெண்டு பேரும் சேந்து சொசைட்டியாவோ ட்ரஸ்டாவோ பதிவு பண்ணிருங்க, சொசைட்டின்னா 1975ஆம் வருச தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பண்ணலாம். தனி ஆளுக்கு யாரும் என்ஜின் தரமாட்டாங்க, பதிவு நம்பரும் பேங்க் அக்கவுண்டும் இருந்தாத்தான் பேச்சே.

இனி நான் உண்மையா சொல்ல வந்தது. என்ஜின வாங்குறது பெருசில்ல, முழுசா வாங்குறதுதான் பெருசு. எனக்கு ஒரு சங்கடம் நடந்திருக்கு, அத சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ரிட்டையர் ஆகி ஒரு ரெண்டு வருசத்துல, ஒரு ஊர்ல எங்களமாதிரி ஆளுக நாலு பேரு சேந்து ஒரு பழைய லோகோவ மீட்டோம். போய்ப் பாத்தோம், வெளிய நல்லா இருந்துச்சு, இன்ஜின மூடியிருக்க ஹூட் கதவத் தொறந்து பாத்தோம், இன்ஜின் ப்ளாக் இருக்கு, காத்த அமுக்கித் தள்ளுற டர்போ இருக்கு, எல்லாருக்கும் ஒரே சந்தோசம், கையெழுத்துப் போட்டாச்சு. காகிதத்துல "இருக்குற எடத்துல இருக்குற நெலமையில"ன்னு ஒரு வரி இருந்துச்சு, யாரும் அதக் கண்டுக்கல. கிரேன் வச்சு பாடியத் தூக்குனோம், தூக்கி போகிய, அதாவது சக்கரமும் அச்சும் இருக்க அடிச்சட்டத்த, வெளிய இழுத்தா சக்கரத்தச் சுத்துற ஆறு ட்ராக்‌ஷன் மோட்டார்ல நாலு இல்ல. வெறும் அச்சுதான் கெடக்கு. எப்பவோ வேற லோகோவுக்கு கழட்டிட்டுப் போயிருக்காங்க, இல்ல காப்பருக்காகப் போயிருக்கு, யாருக்குத் தெரியும். நான் அந்தத் தண்டவாளத்து மேலயே உக்காந்துட்டேன். முப்பது வருசம் அடிக்குழியில படுத்து அந்த மோட்டாருக்கு ப்ரஷ் மாத்துனவன், ஆனா வாங்கப் போன அன்னைக்கு அடியில குனிஞ்சு பாக்கல.

அதனால பாக்கப் போகும்போது பேண்ட் அழுக்காகும்னு பாக்காம அடியில படுங்க. டார்ச் அடிச்சு ஆறு மோட்டாரையும் எண்ணுங்க, கேபிள் வெட்டியிருக்கான்னு பாருங்க. மேல வந்து கவர்னர் இருக்கான்னு பாருங்க, அது ஒரு குடம் அளவுதான் இருக்கும், ஆனா அது இல்லன்னா இன்ஜெக்‌ஷன் பம்பு எதுவும் என்ன பண்ணணும்னு தெரியாம நிக்கும், டீசல் எவ்வளவு போகணும்னு சொல்லுறது அதுதான். எக்ஸ்பிரசர் இருக்கான்னு பாருங்க, மீட்டர்கேஜ் வண்டிக்கு வேக்கம் பிரேக், காத்த உறிஞ்சி எடுக்கதும் அமுக்கிக் குடுக்கதும் ரெண்டும் அந்த ஒரே மெஷின்தான், இன்னைக்கு அத வெளிய தேடுனா ரொம்பக் கஷ்டம். கேப்ல ஏறி மீட்டர் எல்லாம் இருக்கா, வேகம் கூட்டுற த்ராட்டில் கைப்பிடி எட்டு நாட்சும், அதான் எட்டுப் படியும், ஏறி எறங்குதா, ஹாரன் இருக்கா. பாத்தது எல்லாத்தையும் போட்டோ எடுத்து, ஒரு லிஸ்ட் எழுதி, அதுல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும், வண்டி உங்க கைக்கு வர்ற நாள்ல அதே லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு மறுபடி எண்ணணும். நடுவுல ஆறு மாசம் யார்டுல நிக்கும், அந்த ஆறு மாசத்துலதான் பித்தளையும் காப்பரும் நடந்து போகும்.

லாக் புக் கேளுங்க, ரிப்பேர் கார்டு கேளுங்க. என்ஜின் எப்ப எந்த செட்டுல இருந்துச்சு, எப்ப க்ராங்க் ஷாஃப்ட் மாத்துனாங்க, எல்லாம் அதுலதான் இருக்கும். கண்டம் ஆனதும் அந்தப் புத்தகத்த மூலையில தூக்கிப் போட்டுருவாங்க, கேட்டா சும்மாவே குடுத்துருவாங்க, கேக்கலன்னா கரையானுக்குப் போகும்.

ஒரு என்ஜின் என்ன விலை அண்ணாச்சி? தோராயமா சொன்னா போதும்.
ஒரு வாசகர், சங்கரன்கோவில்

ஏலத்துல வாங்குனா எடைக்கு எடைதான் விலை. ஒய்டிஎம்4 72 டன். ஒரு கணக்குக்கு கிலோ 30 ரூபான்னு வச்சுக்கிடுங்க, 21 லட்சத்து 60 ஆயிரம் வருது, இரும்பு ஸ்கிராப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 3 லட்சத்து 88 ஆயிரத்து 800, ஆக மொத்தம் 25 லட்சத்து 48 ஆயிரத்து 800. அன்னன்னைக்கு இரும்பு விலை ஏறும் எறங்கும், இது வெறும் கணக்குதான். ஆனா ஒண்ணு, யாவாரி இரும்பப் பாத்து ஏலம் கேக்கதில்ல, உள்ள இருக்க காப்பரப் பாத்துக் கேக்கான். ஜெனரேட்டருக்குள்ள காப்பர், ஆறு மோட்டாருக்குள்ள காப்பர், கேபிள் பூரா காப்பர். நீங்க ஏலத்துல நின்னா அவனுக்கு மேல ஏறணும். அதனாலதான் மேல சொன்னேன், ஏலத்துக்கு வாரதுக்கு முன்னாடி கடுதாசி போடுங்கன்னு.

வாங்குன காசு அளவுக்கே தூக்குறதுக்கும் கொண்டு வாரதுக்கும் தண்டவாளம் போடுறதுக்கும் கூரைக்கும் தனியா எடுத்து வைங்க. பெயிண்ட்டுக்குக் கடைசியில பாத்துக்கிடலாம்.

சார், நான் இன்ஜினியரிங் படிக்கேன். நீராவி என்ஜின்னா ஹெரிட்டேஜ், புரியுது. டீசல் என்ஜின்ல என்ன இருக்கு? பொகையும் சத்தமும்தான? அத எதுக்கு மியூசியத்துல வைக்கணும்?
ஒரு மாணவர், பாளையங்கோட்டை

நல்ல கேள்வி தம்பி, இத நெறய பேரு மனசுல வச்சிருக்காங்க, நீ வாய்விட்டுக் கேட்டுட்ட.

நீராவி என்ஜின் நின்னப்போ ஊரே அழுதுச்சு. படம் எடுத்தாங்க, கட்டுரை எழுதுனாங்க, ஸ்டேசன் வாசல்ல ஒண்ணு ஒண்ணா நிப்பாட்டி வச்சாங்க. டீசல் நின்னப்போ யாருமே திரும்பிப் பாக்கல, ஏன்னா அது நேத்து வரைக்கும் ஓடுனது, நேத்து ஓடுனத யாரு பழசுன்னு நெனைப்பா. இதே தப்ப இங்கிலாந்துக்காரங்க பண்ணியிருக்காங்க. அங்க மெயின் லைன்ல ஓடுன மொத டீசல் என்ஜின், நம்பர் 10000, 1947 டிசம்பர்ல வெளிய வந்துச்சு, 1600 குதிரைசக்தி. 1968ல அத எடைக்குப் போட்டு வெட்டிட்டாங்க. மியூசியத்துக்கு வேணும்னு அப்ப யாருக்கும் தோணல. இன்னைக்கு அதே நாட்டுல ஒரு சங்கம் அமைச்சு, அதே மாதிரி ஒரு என்ஜின புதுசா செய்யணும்னு பழைய இன்ஜின் ப்ளாக்கத் தேடி வாங்கி காசு சேத்துக்கிட்டு இருக்காங்க. அதே ஊர்ல டெல்டிக்னு ஒரு வகை, 22 செஞ்சாங்க, 1982 சனவரியோட அதோட ஓட்டம் நின்னுச்சு, அதுக்குள்ள ஆசப்பட்ட ஜனங்க முழிச்சுக்கிட்டாங்க, ஆறு என்ஜின் இன்னைக்கும் இருக்கு.

அமெரிக்காவுல இன்னும் நல்ல உதாரணம் இருக்கு. 1925ல ஆல்கோ, ஜெனரல் எலெக்ட்ரிக், இங்கர்சால் ராண்ட் மூணு கம்பெனியும் சேந்து 300 குதிரைசக்தியில ஒரு சின்ன டீசல் எலெக்ட்ரிக் செஞ்சு நியூஜெர்சி ரயில்வேக்குக் குடுத்தாங்க, யாவாரரீதியா ஜெயிச்ச மொத டீசல் எலெக்ட்ரிக் அதுதான்னு சொல்லுவாங்க. 1957 வரைக்கும் வேல பாத்துச்சு, வேல முடிஞ்ச அதே வருசம் நேரா பால்டிமோர் ரயில் மியூசியத்துக்கு அனுப்பிட்டாங்க. நடுவுல ஒரு நாளுகூட யாவாரி கையில போகல. அதனால இன்னைக்கும் முழுசா நிக்கு.

பொகையும் சத்தமும்தானன்னு கேட்டேல்லா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுதேன். நம்ம ஒய்டிஎம்4க்குள்ள இருக்க டீசல் இன்ஜின்ல ஆறு சிலிண்டர், ஒரே வரிசையில நிக்கும், ஒவ்வொண்ணும் ஒம்பது இஞ்ச் வாய், பிஸ்டன் ஏறி எறங்குற ஸ்ட்ரோக் பத்தரை இஞ்ச், டர்போ வச்சது. அந்த இன்ஜின் நேரா சக்கரத்தச் சுத்தாது. ஒரு ஜெனரேட்டரச் சுத்தும், அதுல வர்ற கரண்டு அடியில இருக்க ஆறு மோட்டாருக்கும் போவும், மோட்டார்தான் சக்கரத்தச் சுத்தும். கியர் மாத்துற வேலையே கெடையாது. இன்னைக்கு நீ படிக்க ஹைபிரிட் காருல ஒரு வகை இதே வழிதான். கரும்பொகை எதுக்குன்னா, ட்ரைவர் நாட்ச் ஏத்துன ஒடனே டீசல் கூடப் போயிரும், ஆனா டர்போ வேகம் புடிச்சு காத்து அமுக்க ரெண்டு மூணு செகண்டு ஆவும், அந்த இடைவெளியில எரியாத டீசல்தான் கருப்பா வெளிய வரும். பகவதிபுரம் தாண்டி மலை ஏறையில பின்னாடி பேங்கர்னு இன்னொரு என்ஜின் வச்சுத் தள்ளும்போது அந்தப் பொகை ஏறி எறங்குறதப் பாத்தே ட்ரைவர் எந்த நாட்ச்ல இருக்காருன்னு நாங்க சொல்லிருவோம்.

ஆல்கோ கம்பெனியே 1969ல மூடிட்டாங்க. மூடி இத்தன வருசம் ஆகியும் அவங்க வரைஞ்ச இன்ஜின் நம்ம நாட்டுல ஓடுச்சு. நம்ம ஒய்டிஎம்4 மலேசியாவுக்கும் மியான்மாருக்கும் போய் ஓடியிருக்கு. கொல்லம் செங்கோட்டை லைன் 1904ல தொறந்தது, திருச்செந்தூர் லைன் 1923ல, அம்புட்டு நீளமான கதையில கடைசி அத்தியாயம் இந்த டீசல்தான். இப்ப எல்லாத்துலயும் கரண்டு கம்பி வந்தாச்சு. உன் பிள்ளைக்கு இது என்னன்னு நீ வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாதுப்பா.

எங்க அப்பா செங்கோட்டையில ட்ரைவரா இருந்து காலமாயிட்டாங்க. பரண்ல ரெண்டு தகரப்பொட்டி நெறய அவங்க நோட்டு, கையேடு, பழைய யூனிபார்ம், ஒரு கை விளக்கு எல்லாம் இருக்கு. வீடு மாத்துறோம், தூக்கிப் போடவா வேண்டாமான்னு தெரியல.
ஒரு வாசகி, தென்காசி

தாயி, ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. கடுதாசியப் படிச்சு எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு.

உங்க அப்பா நோட்டுல சின்னச் சின்னதா எழுதியிருப்பாங்க பாருங்க, "இன்ன ரிலே விழுந்தா இத அமுக்கணும், இன்ன வயர் லூஸ்னா இத சுத்தணும்", கூடவே லோகோ நம்பர் போட்டு "இதுக்கு வேக்கம் மெதுவா ஏறும்" அப்படின்னு. ட்ரைவருக எல்லாரும் ரிப்பேர் கையேடு ஒண்ணு வச்சிருப்பாங்க, அச்சடிச்சது, ஆனா அதோட ஓரத்துல பேனாவுல எழுதுனதுதான் உண்மையான பாடம், எந்த கம்பெனி புத்தகத்துலயும் அது கெடையாது. நாளைக்கு நம்ம ஊர்ல ஒரு என்ஜின் வந்து நின்னா, அது அந்த நோட்டு இல்லாம ஊமை மாதிரி.

இப்போதைக்கு இதமட்டும் செய்யுங்க. நோட்ட வெயில்ல காய வைக்காதீங்க, நெழல்ல காத்தோட்டமா விரிச்சு வைங்க. ஒட்டிக் கெடக்க பக்கத்தப் பிச்சு எடுக்க வேண்டாம். செல்லோடேப் ஒட்டவே கூடாது, அது மஞ்சளாகிப் பேப்பரத் தின்னுரும். ஒவ்வொரு பக்கமும் மொபைல்ல நேரா மேல இருந்து போட்டோ எடுத்து ரெண்டு எடத்துல ஏத்தி வைங்க. விளக்க விம் போட்டுத் தேய்க்காதீங்க, கை பட்டுப் பட்டு வந்த அந்தக் கருப்பு அப்படியே இருக்கட்டும். உங்க அம்மா இருந்தாங்கன்னா பக்கத்துல உக்கார வச்சு, ராத்திரி டூட்டி போட்டா அப்பா எத்தன மணிக்கு வருவாங்க, தூக்குல என்ன கட்டிக் குடுப்பீங்கன்னு கேட்டு வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி வைங்க. அம்பாசமுத்திரத்துக்காரங்க கடுதாசி மேல இருக்கு, மியூசியம் எழும்புனா மொத அலமாரி உங்க அப்பாவுக்குன்னு நானே அவங்ககிட்ட சொல்லுதேன்.

எங்ககிட்ட ட்ரெய்லர் ஓடுது. தூத்துக்குடி ஹார்பர்ல இருந்து பெரிய லோடு எடுத்திருக்கோம். 72 டன் என்ஜின ஒரே தூக்கா கொண்டு வரலாமா?
ஒரு லாரி ஓனர், மேலப்பாளையம்

முடியும், ஆனா பாடி தனி, ரெண்டு போகி தனின்னு மூணு லோடா கொண்டு வாரதுதான் சவுகரியம், கிரேனுக்கும் ரோட்டுக்கும். தண்டவாளத்துல இழுத்துட்டு வரலாமேன்னு சிலபேரு கேக்காங்க, மீட்டர்கேஜ் ஒரு மீட்டர் அகலம், இப்ப இருக்க லைன் 1676 மில்லிமீட்டர், எப்படி ஓடும். ரோடு ஒண்ணுதான் வழி.

தூக்குறதுக்கு முன்னாடி மோட்டார் கேபிள், பிரேக் ஹோஸ், மணல் பைப், மோட்டாருக்குக் காத்து போற தோல்பை, எல்லாத்தையும் கழட்டி ஒவ்வொரு முனையிலயும் ஒரு தகரத்துல நம்பர் அடிச்சுக் கட்டுங்க. அட்டையில எழுதுனா மழையில போயிரும். பெல்ட் எங்க வேணும்னாலும் போடக்கூடாது, ஜாக்கி வைக்கதுக்குன்னே பாடியோட ரெண்டு பக்கமும் தடிப்பா எடம் விட்டிருப்பாங்க, அங்க மட்டும்தான் தாங்கணும். நடுவுல போட்டுத் தூக்குனா கீழ் சட்டம் வளைஞ்சிரும், வளைஞ்சா அதுக்கு அப்புறம் ஹூட் கதவு ஒண்ணும் மூடாது. டீசல் டாங்க், தண்ணி, ஆயில் எல்லாத்தையும் வடிச்சிருங்க. வழி முழுக்க முந்துன நாளே ஒரு ஆளு பைக்குல போய் கரண்டு கம்பி உயரம் பாத்துட்டு வரணும். டவுனுக்குள்ள வந்து சுலோச்சன முதலியார் பாலத்து மேல ஏத்திருவோம்னு யாரும் சொன்னா கேக்காதீங்க, அது 1843ல கட்டி முடிச்சது, நான்குவழிச்சாலையிலயே சுத்தி வாங்க.

எறக்குற எடத்துல தண்டவாளம் முன்னாடியே ரெடியா இருக்கணும். 72 டன் ஆறு அச்சுல நிக்கு, ஒரு அச்சுக்கு 12 டன். வயல மேடாக்கி மேல செம்மண் போட்டு ஸ்லீப்பர் வச்சா ஒரே மழையில ஒரு பக்கம் எறங்கிரும். ஜல்லி போட்டு, தண்ணி வடிய வாய்க்கா விட்டு, அதுக்கு மேலதான் ஸ்லீப்பர்.

எங்க ஊர்ல கடற்கரைக்குப் பக்கத்துல பார்க்ல வைக்கலாம்னு பஞ்சாயத்துல பேசுதாங்க. நல்ல எடந்தான?
ஒரு வாசகர், திருச்செந்தூர்

கூட்டம் வரும், அத மறுக்கல. ஆனா உப்புக்காத்து இருக்கே, அது இரும்புக்கு எமன். தகடு மேல பெயிண்ட் அப்படியே இருக்கும், அடியில தின்னுக்கிட்டே போகும், ஒரு நாளு கைய வச்சா பப்படம் மாதிரி ஒடையும். ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ள தள்ளி ஒரு எடம் பாருங்க. செங்கோட்டை, குத்தாலம் பக்கம் கேக்கவங்களுக்கும் சொல்லுதேன், அங்க உப்பு இல்ல, ஆனா சீசன் முழுக்க சாரல், ஈரம் காயவே காயாது.

எங்க வச்சாலும் கூரை வேணும். கூரை போட காசு வரலன்னா, என்ஜின் வந்து எறங்குன அன்னைக்கே பொகைக்குழாய் வாயில ஒரு தகர மூடி செஞ்சு போடுங்க. இத நான் எத்தன தடவ சொன்னாலும் தகும். அந்த ஓட்டை வானத்தப் பாத்துத் தொறந்து கெடக்கு, மழை நேரா உள்ள எறங்கி டர்போவுக்குப் போவும், அங்க இருந்து சிலிண்டருக்குப் போவும், ரெண்டு ஐப்பசிக்குள்ள பிஸ்டன் லைனரோட ஒட்டிக்கிடும். ஒரு அடி தகரம், அம்புட்டுதான், அது இல்லாம நான் பாத்த ரெண்டு இன்ஜின் கல்லாப் போச்சு.

புள்ளைங்க ஏறி விளையாடும், சந்தோசம்தான். ஆனா பொகைக்குழாய் மேல சுத்தியிருக்க பழைய நார்த்துணியும், கண்ட்ரோல் பொட்டிக்குள்ள சுவிட்சச் சுத்தி இருக்க வெள்ளைத் தட்டும் ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். நோண்டவோ பிச்சு எடுக்கவோ விடாதீங்க, அத எடுக்கணும்னா அதுக்குன்னு தெரிஞ்ச ஆள வச்சு நனைச்சுத்தான் எடுக்கணும். பழைய பெயிண்ட்ல ஈயம் உண்டு, க்ரைண்டர் போட்டுத் தூசியாப் பறக்க விடக்கூடாது.

என்ன கலர் பெயிண்ட் அடிக்கணும்?
ஒரு வாசகர், கடையநல்லூர்

கடையில எது கெடைக்குதோ அத அடிக்காதீங்க. கேப் கதவுக்குப் பின்னாடி, யாரு கண்ணுலயும் படாத எடத்துல, ஒரு உள்ளங்கை அளவுக்கு மெல்லிய உப்புத்தாளத் தண்ணி தொட்டு மெதுவாத் தேய்ங்க. வெங்காயம் உரிச்ச மாதிரி ஒவ்வொரு கலரா வட்டம் வட்டமா வெளிய வரும், மேல ஒண்ணு, அதுக்கு அடியில ஒண்ணு, கடைசியில செங்கல் கலர் ப்ரைமர். அத போட்டோ எடுத்து, லாக் புக்ல எப்ப பெயிண்ட் அடிச்சாங்கன்னு இருக்கும், ரெண்டையும் சேத்துப் பாத்தா நம்ம லைன்ல ஓடுனப்போ என்ன கலர்னு தெரிஞ்சிரும். அந்த உள்ளங்கை எடத்த மட்டும் புதுப் பெயிண்ட் அடிக்காம அப்படியே விட்டுருங்க, பொறவு வர்றவங்க பாக்கட்டும்.

நின்னுபோன இன்ஜின மறுபடி ஸ்டார்ட் பண்ண முடியுமா?
ஒரு டீசல் மெக்கானிக், கோவில்பட்டி

முடியும், ஆனா பேட்டரி மாட்டிப் பட்டன அமுக்குறது கடைசி வேலை. சிலிண்டருக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி கெடந்தாக்கூட, பிஸ்டன் மேல வரும்போது தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அதனால மொதல்ல க்ராங்க்கேஸ் கதவு எல்லாம் தொறந்து ஆயில்ல தண்ணி கலந்திருக்கான்னு பாருங்க, பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா எங்கயோ கசிவு. ஆறு சிலிண்டருக்கும் டெஸ்ட் காக்குன்னு இருக்க சின்னத் திருகுக்குழாயத் தொறந்து விட்டு, பாரிங் கம்பி போட்டு கையால சுத்துங்க. ரெண்டு முழுச் சுத்து சுத்தணும், எங்க இறுகுதுன்னு கை சொல்லும். தண்ணி வெளிய பீய்ச்சுனா அந்த சிலிண்டரப் பிரிச்சுப் பாக்காம மேல போகாதீங்க.

அதுக்கு அப்புறம் பழைய டீசல வடிச்சு டாங்க்க வழிச்சு எடுத்து, புது ஃபில்டர் போட்டு, ஆயில வெளி பம்பு வச்சு பேரிங்குக்கெல்லாம் ஏத்தி, கூலிங் தண்ணிய மெதுவா ரொப்பி ஒரு ராத்திரி விட்டு கசிவு பாத்து, இன்ஜெக்‌ஷன் பம்புல டீசல் அளவக் கூட்டிக் குறைக்க ராக் எல்லாம் ஒட்டாம நகருதான்னு கையால தள்ளிப் பாத்து, வேகம் எல்லை மீறுனா இன்ஜின நிப்பாட்டுற ஓவர்ஸ்பீடு ட்ரிப் வேல செய்யுதான்னு பாத்து, அப்புறம்தான் பேட்டரி. இந்த இன்ஜினுக்குத் தனியா ஸ்டார்ட்டர் மோட்டார் கெடையாது, ஜெனரேட்டரே மோட்டாராத் திரும்பிச் சுத்தும், அதனால ஜெனரேட்டர் காஞ்சிருக்கான்னு மெக்கர் வச்சு, அதான் கரண்டு கசியுதான்னு சோதிக்கிற மீட்டர் வச்சுப் பாக்காம கரண்டு விடவே கூடாது. தீயணைப்பான் ரெண்டு பக்கமும் வச்சுக்கிடுங்க. செட்டுல வேல பாத்த பழைய ஆள் ஒருத்தராவது பக்கத்துல நிக்கணும், இந்த வட்டாரத்துல இன்னும் இருக்காங்க, எழுபது எண்பது வயசு, கூப்பிட்டா ஓடி வருவாங்க. அவங்க இருக்கையிலயே ரெண்டு சின்னப் பையங்கள பக்கத்துல நிப்பாட்டிக் கத்துக்குடுத்துருங்க.

பழைய இரும்புக்கடையில ஒரு பித்தளை நம்பர் ப்ளேட் பாத்து வாங்கி வீட்டுல மாட்டி வச்சிருக்கேன். ரயில் என்ஜினோடதுன்னு நெனைக்கேன். இதுக்கு ஏதும் மதிப்பு உண்டா?
ஒரு வாசகர், தச்சநல்லூர்

உண்டு. பாலீஷ் போடாதீங்க. ப்ளேட்ல இருக்க ஒவ்வொரு எழுத்தையும் நம்பரையும் அப்படியே ஒரு தாள்ல எழுதுங்க, செஞ்ச கம்பெனி பேரு, வருசம், சீரியல் நம்பர், சின்ன எழுத்துல இருக்கதையும் விடாதீங்க. பின்பக்கம் திருகு ஓட்டை எத்தன, ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் எத்தன இஞ்ச்னு அளந்து எழுதுங்க. நேரா நின்னு வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இந்தப் பக்கத்து விலாசத்துக்கு அனுப்புங்க. எந்த லோகோவோடதுன்னு நான் பாத்துச் சொல்லுதேன். அந்த லோகோ இன்னும் எங்கயாவது ஒரு யார்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சுன்னா, அம்பாசமுத்திரத்துத் தம்பிக போடப்போற கடுதாசியில அந்த நம்பரையே மொத வரியில எழுதச் சொல்லிருவேன்.